யாரூட்டு அவசரம்?

வா நைனா, குந்து. ஹெவி லைசென்ஸ் வந்துடுச்சாமே, ஊரே சொல்லுது. போன மாசம் வரைக்கும் மினிவேன்ல ஷூ அட்டைப்பொட்டி ஏத்திகினு பேர்ணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் ஓடிகினு இருந்தவன், இனிமே கன்டெய்னர் டிரைவர். சந்தோசம். உன் கேபினுக்குள்ள எட்டிப் பாத்தேன். கண்ணாடியில ஒட்டி ஒரு போனு, ஸ்டியரிங் பக்கத்துல ஒரு போனு, சட்டைப் பையில ஒரு போனு. ஒண்ணு மேப்பாம், ஒண்ணு கம்பெனி ஆப்பாம், ஒண்ணு ரீல்ஸுக்காம். எல்லாம் சரி. ரோட்டப் பாக்கறதுக்கு எங்கியாவது எடம் வுட்டு வெச்சிருக்கியா?

கோவிச்சுக்காத. நான் காமெட்டு லாரி ஓட்ன காலத்துல ஸ்டியரிங்கு திருப்பவே ரெண்டு ஆளு பலம் வேணும். அதனால போன் இருந்திருந்தாலும் புடிக்கக் கை கிடையாது. உனக்குப் பவர் ஸ்டியரிங்கு, மெத்தை வெச்ச சீட்டு. 2025 அக்டோபர்லேர்ந்து கட்டுற பெரிய லாரிக்கெல்லாம் கேபின்ல ஏசி கட்டாயம்னு வேற ஆக்கிட்டாங்கோ. வேலூர் வெயில்ல வெந்தவனுக்குத்தான் தெரியும் அதோட அருமை. நல்ல சட்டம். ஆனா ஏசியில தூக்கம் இன்னும் சொகமா வருமே, அதுக்கு எந்தச் சட்டம் வெச்சிருக்க?

எங்க, அந்த வாட்ஸாப்புல வந்த ஷீட்டக் காட்டு. 'வண்டி உள்ளே 16:00. லோடிங் முடிவு 18:00. துறைமுகம் 22:00.' அடேங்கப்பா. ரயில்வேக்காரன்கூட இம்மா தைரியமா எழுத மாட்டான். எழுதின புள்ள யாரு? மாடியில ஏசி ரூம்ல கீறான். நல்ல புள்ளதான், பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்கான். ஆம்பூர்லேர்ந்து சென்னைக்கு லாரியில போயிருக்கானான்னு கேட்டியா? கேக்காத, பாவம். கார்ல போயிருக்கான், பின்சீட்டுல தூங்கிகினே.

கணக்குக்கு வா. ஆம்பூர்லேர்ந்து சென்னை சுமார் 190 கிலோமீட்டர். உன் மேப்பு மூணரை மணி நேரம்னு சொல்லுது. சொல்லும். அது காருக்குப் போட்ட கணக்கு. காருக்காரன் பள்ளிகொண்டா தாண்டினா நூறுல போவான். உன் வண்டிக்கு 80-க்கு மேல போகக் கூடாதுன்னு பூட்டுப் போட்டிருக்குது. பூட்டு இல்லேன்னாலும், முதுகுல 40 அடிப் பொட்டிய ஏத்திகினு எந்த மேட்டுல நீ எம்பது போவ?

அப்பால டோல்கேட்டு. பள்ளிகொண்டாவுல ஒண்ணு, வாலாஜாகிட்ட ஒண்ணு, ஸ்ரீபெரும்புதூர்கிட்ட ஒண்ணு. 2021 பிப்ரவரிலேர்ந்து பாஸ்டேக் கட்டாயம், வண்டி நிக்கவே நிக்காதுன்னாங்கோ. பாஸ்டேக்ல காசு இல்லாத ஒருத்தன் எப்பவும் உனக்கு முன்னால நிப்பானே, அவன எந்த மேப்பு காட்டும்? வாலாஜாவிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் ஆறு வழியாக்கறோம்னு வருஷக்கணக்கா நோண்டிகினே கீறாங்கோ. அதுக்கு நடுவுல சுங்குவார்சத்திரம் போய்ச் சேந்தா, கம்பெனி பஸ்ஸுங்க ஷிப்டு மாறுற நேரமா இருக்கும். அத்தினி பஸ்ஸும் உன்ன ஒரசிகினு போகும்.

லோடு வண்டிக்கு மணிக்கு 40 போடு. அதுக்கு மேல கெடைச்சா லாபம். காட்டுப்பள்ளி துறைமுகம்னா நசரத்பேட்டையில வெளிவட்டச் சாலையப் புடிச்சு மீஞ்சூர் வரைக்கும் சுத்திகினு போகணும். ஆறு மணி நேரம்னு எழுதிக்க. அதுக்கு மேல கியூ. துறைமுகத்து வாசல் கியூவுக்கு எந்தக் கணக்குப்புள்ளையும் கணக்குப் போட்டதில்ல. எண்ணூர் ரோட்டுலயும் மணலியிலயும் கன்டெய்னர் லாரிங்க வால் தெரியாம நிக்கிறத நீயே பாத்திருப்ப. நாள்கணக்கா நின்ன காலமும் உண்டு. ஒரு டிரைவர் ஸ்டவ்வு பத்த வெச்சு கொழம்பே கூட்டிடுவான், வண்டி ஒரு வண்டி தூரம் நகந்திருக்கும்.

'பெங்களூர்-சென்னை புது எக்ஸ்பிரஸ் ரோடு வருதே தாத்தா, ஓசகோட்டேலேர்ந்து ஸ்ரீபெரும்புதூருக்கு 262 கிலோமீட்டர், அப்ப எல்லாம் சரியாயிடும்'னு சொல்ற. வரட்டும், வேணாம்னா சொன்னேன்? தங்க நாற்கரம் போட்டப்பவும் இதத்தான் சொன்னாங்கோ. ரோடு அகலமாச்சு. மறுநாளே ஷீட்டுல ரெண்டு மணி நேரத்தக் கொறைச்சுட்டாங்கோ. மிச்சமான நேரம் டிரைவர் ஊட்டுக்கா வந்துச்சு?

இதெல்லாம் சில்லறை. பெரிய விசயம் வேற. லேட்டு ஆவறது ரோட்டுல இல்ல நைனா. லேட்டு ஆவறது கேட்டுல.

நாலு மணிக்கு வண்டிய உள்ள போடுன்னான். நீயும் அடிச்சுப் புடிச்சு மூணே முக்காலுக்கே போட்ட. ஷூ கம்பெனிக்குள்ள பேக்கிங் ஆவல. ஏன் ஆவல? ஒரு சைஸுக்கு சோல் வரல. சோல் வந்தா, பையர் அனுப்பின ஆளு ஒரு ஜோடியப் பிரிச்சு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீறான். அவன் தலையாட்டினா, பொட்டியில ஸ்டிக்கர் மாறி ஒட்டிட்டாங்கோ, திரும்பக் கிழிச்சு ஒட்டணும். லோடுமேனுங்க எட்டுப் பேரு வரணும், மூணு பேரு வந்து பீடி புடிச்சுகினு மிச்சம் அஞ்சு பேருக்குக் காத்துகினு கீறாங்கோ. வெள்ளிக்கெழமையா இருந்தா மத்தியானம் ஜும்மா தொழுகைக்குப் போவாங்கோ, நியாயந்தான். ஆம்பூர்ல, வாணியம்பாடியில பொறந்த கொழந்தைக்கும் அது தெரியும். ஷீட்டு எழுதின புள்ளைக்கு ஒண்டி தெரியல, வெள்ளிக்கெழம ஷீட்டுல மத்தியானம் ஒண்ணரைக்கு லோடிங்னு போட்டு வெச்சிருக்கான்.

ராத்திரி பத்து மணிக்குக் கதவு சாத்தி சீல் போடுவாங்கோ. வந்தது நாலு மணிக்கு முன்ன, கெளம்பறது பத்துக்கு. ஆறு மணி நேரத்த முழுங்கினது யாரு? கம்பெனி. கக்க வேண்டியது யாரு? நீ. அப்பதான் மேனேஜர் எறங்கி வருவான். அதுவரைக்கும் 'ஏய் டிரைவர், வண்டிய அந்தாண்ட எடு'ன்னவன், உன் தோள்ல கையப் போட்டு 'அண்ணா'ம்பான். 'அண்ணா, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கண்ணா. விடியக்காலம் நாலு மணி கட்ஆப்புண்ணா. உங்கள நம்பித்தாண்ணா கீறோம்.' உங்க அப்பன் வயசுக்காரன் உன்ன அண்ணான்னு கூப்புட்றான்னா என்னா அர்த்தம்? அவன் வேலை உன் தலையில எறங்குதுன்னு அர்த்தம்.

கேட்டுல தொலைச்ச நேரத்த ரோட்டுல தேடுறவன நான் நெறைய பாத்திருக்கேன். சில பேரு கண்டும் புடிச்சாங்கோ. அவங்கல்லாம் இப்ப இங்க இல்ல, விடு.

இந்த அவசரம் யாரூட்டு அவசரம்னு ஒருக்கா யோசிச்சுப் பாரு. பொட்டிக்குள்ள இருக்கறது ஷூ. ஜெர்மனியிலயோ இங்கிலீஷ்காரன் ஊர்லயோ கடையில அடுத்த சீசனுக்கு வைக்கிற ஷூ. கப்பல் ஏறி வாரக்கணக்குல போவுது. 2021 மார்ச்சுல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன்னு ஒரு கப்பல் குறுக்கால மாட்டிகிச்சே, ஞாபகம் கீதா? ஆறு நாளு. ஒலகத்துக் கப்பலெல்லாம் வரிசையில நின்னுச்சு. 2023 கடைசியிலேர்ந்து செங்கடல்ல குண்டு போடறான்னு சொல்லிகினு கப்பலுங்க ஆப்பிரிக்காவையே ஒரு சுத்து சுத்திப் போக ஆரம்பிச்சுது. பத்து நாளு, ரெண்டு வாரம் கூட ஆச்சு. எந்த மேனேஜராவது கப்பல் கேப்டனுக்குப் போன் போட்டு 'அண்ணா, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கண்ணா'ன்னானா? அங்க ரெண்டு வாரம் பொறுத்துக்கறாங்கோ. உன்கிட்ட அரை மணி நேரம் பொறுக்க முடியல. ஏன்னு தெரியுமா? கேப்டன் நம்பரு அவன்கிட்ட இல்ல. உன் நம்பரு கீது.

அதுக்காகக் கட்ஆப்பு பொய்னு சொல்லல. கப்பலுக்குப் பொட்டி வாங்கற நேரம்னு ஒண்ணு கீது, அது முடிஞ்சா கேட்டு சாத்திடுவான், பொட்டி அடுத்த கப்பலுக்குத்தான். அதனால கணக்க முன்னாலேர்ந்து போடாத, பின்னாலேர்ந்து போடு. கட்ஆப்பு விடியக்காலம் 4 மணியா? கியூவுக்கு மூணு மணி நேரம் தள்ளு, ஒரு மணி. ரோட்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளு, சாயங்காலம் ஏழு. வயித்துக்கும் இடுப்புக்கும் ஒரு மணி நேரம் தள்ளு, ஆறு. ஆறு மணிக்கு சீல் போட்ட பொட்டியோட வண்டி கேட்டு தாண்டணும். தாண்டலியா? அப்பவே ஓனருக்குப் போன் பண்ணு. 'இந்தக் கப்பலுக்கு எட்டாது, ஏற்பாடு பண்ணிக்குங்க'ன்னு சொல்லு. சாயங்காலம் ஆறு மணிக்குச் சொன்னா நீ பொறுப்பான பையன். விடியக்காலம் நாலு மணிக்குச் சொன்னா தூங்குமூஞ்சி. சேதி ரெண்டும் ஒண்ணுதான்.

உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் ரெண்டையும் கேட்டு ரிஜிஸ்தர்ல எழுத வை. லாரி ரசீது, அதான் எல்.ஆர். சீட்டு, அதுலயும் எழுதி ஒரு கையெழுத்து வாங்கு. செக்யூரிட்டி தாத்தாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடு, அவரே எழுதித் தருவாரு. போட்டோ எடுத்து வெச்சுக்க. மூணு போன் வெச்சிருக்கியே, ஒண்ணாவது ஒரு புண்ணியத்துக்கு ஒதவட்டும். வண்டி நின்ன நேரத்துக்கு ஹால்டிங் காசு கேக்கறப்போ 'நான் நாலு மணிக்கே வந்தேன்'னு வாயால சொன்னா எவன் கேப்பான்? கெளம்பறதுக்கு முன்ன பேப்பரு ஒருக்கா பாத்துக்க. துறைமுகத்துக்குள்ள வுடற பாரம் 13 வந்துச்சா, சீல் நம்பரு பொட்டியிலயும் பேப்பர்லயும் ஒண்ணா கீதா, எடைச்சீட்டு கையில கீதா. 2016 ஜூலைலேர்ந்து பொட்டியோட எடையச் சரி பாத்துச் சொல்லாம கப்பல்ல ஏத்தக் கூடாதுன்னு ஒலகம் பூரா விதி. அந்த ஒரு துண்டுச் சீட்டு இல்லாம ராத்திரி பூரா பறந்து போயி, கேட்டுல காலையில பத்து மணி வரைக்கும் பல்லு வெளக்காம நின்னவனெல்லாம் கீறான்.

இன்னொண்ணு. கம்பெனிக்குள்ள ஆறு மணி நேரம் நின்னியே, அப்ப இன்னா பண்ண? ரீல்ஸ் பாத்த. தெரியும், உன் கண்ணே சொல்லுது. கெழவன் ஒருத்தன் டப்பாங்குத்து ஆடறத நாப்பது தடவை பாத்திருப்ப. மத்த டிரைவருங்க லாரிக்கு அடியில தார்ப்பாயப் போட்டு கொறட்டை வுட்டுகினு இருந்தாங்களே, அவங்களப் பாத்து 'பட்டிக்காட்டானுங்க'ன்னு சிரிச்ச. ராத்திரி ரெண்டு மணிக்குக் காவேரிப்பாக்கம் தாண்டறப்போ யாரு சிரிச்சாங்கோ?

சட்டம்னு ஒண்ணு கீதுப்பா, தெரியுமா? உனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். 1961-லயே போட்டது, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தூரத்து ரூட்டுன்னா நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரைக்கும் போலாம்னு இருந்துச்சு. தொடந்தாப்புல அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேல வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாவது ஓய்வு. வாரத்துல ஒரு நாள் லீவு. ஸ்டியரிங் புடிச்ச நேரம் ஒண்டி இல்ல, வண்டியச் சுத்தின சில்லறை வேலையும் கணக்குல சேரும். 'அது அஞ்சு பேராவது வேலைக்கு வெச்ச கம்பெனிக்குத்தான், நமக்கு இருக்கறது ரெண்டே வண்டி'ன்னு உன் ஓனரு சட்டம் பேசுவாரு. அஞ்சு பேரு கணக்கு அதுல இருந்தது வாஸ்தவந்தான். ஆனா 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 91-ஆவது பிரிவு கீது. லாரி, பஸ்ஸு எது ஓட்றவனா இருந்தாலும் இந்த நேரக் கணக்குதான்னு அது சொல்லுது. 2025 நவம்பர்ல நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்து அந்த 1961 சட்டத்த மூட்ட கட்டிச்சு. அதுலயும் எட்டு மணி நேரம்தான். சட்டம் மூணு தடவை சட்டை மாத்திகிச்சு. எட்டு மணி நேரம் எப்டி இருக்கும்னு ஆம்பூர் ரோட்டுல எந்த டிரைவரும் இன்னும் பாக்கல.

ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிசம் நிறுத்தியே ஆகணும். வண்டியிலயே ஒரு மிசினு ஒக்காந்துகினு நிமிசம் நிமிசமா எழுதும், டேகோகிராபுன்னு பேரு. அமெரிக்காவுல 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலைக்கு வந்த 14 மணி நேரத்துக்குள்ள, அப்பால 10 மணி நேரம் லீவு. அங்கயும் 2017 கடைசியிலேர்ந்து மிசினுதான் எழுதணும்னு ஆக்கிட்டாங்கோ. டிரைவரு கையால எழுதின நோட்டுல எல்லா டிரைவரும் ஒழுங்கா தூங்கினதாவே இருந்துச்சாம். பாத்தியா, இந்த விசயத்துல வெள்ளக்காரனும் நம்ம ஊட்டு ஆளுதான்.

2021 செப்டம்பர்ல நம்ம மந்திரி கட்கரியே சொன்னாரு, விமானம் ஓட்ற பைலட்டுக்கு இருக்கறாப்புல லாரி டிரைவருக்கும் ஓட்ற நேரத்த நிர்ணயிக்கணும், தூக்கம் வந்தா கண்டுபுடிக்கிற கருவி வைக்கணும்னு. கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுது. பைலட்டுக்கு எறங்கினா ஓட்டல்ல ரூமு, ரூமுல வெள்ளப் படுக்கை. உனக்குப் பெட்ரோல் பங்குல கொசு. மொதல்ல அந்தக் கொசுவுக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்பால கருவி வைக்கலாம். கருவிக்குத் தெரியறது உனக்குத் தெரியாதா? தூக்கம் வர்றது ஒலகத்துலயே மொதல்ல உனக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் தெரியாதவனா நடிக்கறதுக்குத்தான் பாட்டு, பச்சமொளகா, டப்பா கூல்டிரிங்க்கு எல்லாம்.

தோல்ஷாப்புக்காரன் ஊட்டுப் புள்ளைங்கதானே நாமெல்லாம், சொன்னா புரியும். உப்புப் போடாத பச்சைத்தோலு மாதிரிதான் தூக்கம் கெட்ட ஒடம்பு. மேல பாத்தா பளபளன்னு நல்லாத்தான் இருக்கும். விரலால மயிர இழுத்தா கையோட வந்துடும். அப்பால உப்பக் கொட்டி இன்னா பண்றது? தோல் வாங்க வந்த பாய் அத எட்டி ஒதைச்சுட்டுப் போவாரு.

ஒடம்புக்கு ரெண்டு கெட்ட நேரம். விடியக்காலம் ரெண்டுலேர்ந்து அஞ்சு. மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு. எவன் கொம்பனானாலும் இந்த ரெண்டு நேரத்துலயும் மூளை பாதிக் கதவச் சாத்திடும். மத்தியான நேரத்துக்கு நம்ம ஊரு ஒரு ஒதவியும் பண்ணி வெச்சிருக்குது. சீரகசம்பா பிரியாணி, கத்திரிக்கா கொத்சு, மேல ஒரு தயிர்ப்பச்சடி. ஒண்ணரைக்குச் சாப்ட்டு ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கறவனுக்கு யமன் தனியா வரணுமா? பிரியாணி வேணாம்னு சொல்ற பாவத்த நான் பண்ண மாட்டேன். பாதி தட்டு சாப்பிடு. இல்ல, முழுத்தட்டு சாப்ட்டுட்டு வண்டிய ஓரங்கட்டு.

கண்ணு சொருகுதா? கண்ணாடியத் தொறந்து வுட்டா போய்டும்னு நெனைக்காத. முகத்துல தண்ணி அடிச்சா அஞ்சு நிமிசம் தாங்கும், அவ்ளதான். பங்குல நிறுத்து. ஒரு டீய குடிச்ச ஒடனே சாஞ்சுடு, இருவது நிமிசத்துக்கு அலாரம் வை. டீ வேல செய்ய அரை மணி நேரம் ஆவும், அதுக்குள்ள நீ ஒரு கோழித்தூக்கம் போட்டுடுவ. எழுந்திரிக்கறப்போ தூக்கமும் கெடைச்சுது, டீயும் கெடைச்சுது. ரோட்டோரத்துல இருட்டுல, பின்லைட்டு இல்லாம நிறுத்தாத. நீ தூங்குவ, பின்னால வர்றவனும் தூங்கிகினு வருவான். அதே சமயம் ஆபத்தெல்லாம் நடுராத்திரியிலதான்னு ஏமாந்துடாத. நாட்டுல விபத்து ரொம்ப நடக்கற நேரம் சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒம்போதுன்னு சர்க்காரு கணக்கே வருஷா வருஷம் சொல்லுது. 2022-ல விபத்து எண்ணிக்கையில நம்ம தமிழ்நாடுதான் மொதலு, 64,105. மொத எடம் புடிக்கறதுல நமக்கு எதுலதான் போட்டி இல்ல?

தூர லோடு கெடைக்கும் உனக்கு. கான்பூருக்குத் தோலு போவும், வரும். ஆம்பூர்லேர்ந்து சுமார் 2,000 கிலோமீட்டர். இ-வே பில்லு எடுத்துப் பாத்திருக்கியா? 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு சர்க்காரு வெச்சிருக்குது. 2021 ஜனவரிக்கு முன்ன அது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாளு. ஆவ, 2,000 கிலோமீட்டருக்குப் பத்து நாளு. பத்தாதுன்னா பில்லு முடியறதுக்கு எட்டு மணி நேரம் முன்னயோ பின்னயோ நீட்டிக்கவும் வுடறான். டில்லி சர்க்காரு, வரி வாங்கற சர்க்காரு, அதுவே உனக்குப் பத்து நாளு தருது. உன் டிரான்ஸ்போர்ட்டுக்காரன் எத்தினி தந்தான்? நாலாம் நாள் காலையிலயா? வரி வாங்கறவன்கிட்ட இருக்கற ஈரம்கூட அவன்கிட்ட இல்லியா? பில்லுல பத்து நாள் இருக்குதேன்னு பத்து நாளும் தாபாவுல கயித்துக்கட்டில்ல படுத்துடாத, அது பேப்பருக்குண்டான கெடு. நாலுக்கும் பத்துக்கும் நடுவுல மனுசன் ஓட்ற ஒரு நாளு கீதுல்ல, அதப் பேசி வாங்கிட்டுக் கெளம்பு. நாளைக்கு 350, 400 கிலோமீட்டர்னா லோடு வண்டிக்குப் போதும். ஆறு நாளு. வண்டி ஏறின அப்பால பேரம் பேசினா அது பேரமில்ல, பொலம்பலு.

ஈரோட்டுக்கு உப்புத்தோல் ஏத்தப் போறப்போ தொப்பூர் கணவாய் வரும். தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் எறக்கம். எறங்கறப்போ டீசல் மிச்சம், நேரமும் மிச்சம்னு நியூட்ரல்ல வுடுவானுங்க, பெரிய கெட்டிக்காரனுங்க. வண்டி தானா ஓடும், தானா ஓடறத நிறுத்த பிரேக்கு ஒண்டிதான் மிச்சம், அதுவும் காஞ்சு போய்டும். அந்த எறக்கத்துல கெடந்த வண்டிங்களப் பத்தி தமிழ்நாட்டுப் பேப்பர்ல வராத வருஷம் இல்ல. ஏறுன கியர்லதான் எறங்கணும்னு கிளீனர் பையனுக்கும் அந்தக் காலத்துல தெரியும். இப்ப கிளீனரே இல்ல. கிளீனர் சம்பளத்த மிச்சம் புடிச்சு ஜிபிஎஸ் வெச்சுட்டாங்கோ. ஜிபிஎஸ்ஸு இன்னா, சக்கரத்துக்குக் கட்டை வைக்குமா? கதை சொல்லி உன்ன முழிக்க வைக்குமா?

உன் தப்பில்லன்னும் எனக்குத் தெரியும் நைனா. டிரிப்புக்கு இவ்ளோன்னு காசு. நாளைக்கு இவ்ளோன்னு இல்ல. மாசத்துல ஒரு டிரிப்பு கூட அடிச்சா பேட்டா கூட. மொதலாளி கெட்டவனா? இல்ல, கணக்குத் தெரிஞ்சவன். வண்டிக்கு டியூ கட்டணும், அவனுக்கும் தூக்கம் கெடையாது. ஷூ கம்பெனிக்காரனுக்கு பையர் நெருக்கறான், பையருக்குக் கடைக்காரன் நெருக்கறான். நெருக்கடி மேலேர்ந்து எறங்கி எறங்கி வருது, கடைசியில ஸ்டியரிங்குல வந்து ஒக்காருது. அதுக்குக் கீழ எறக்கறதுக்கு ஆளில்ல. டிரைவருக்குக் கீழ இருக்கறது ரோடு ஒண்டிதான். அதனால வேலைக்குச் சேரறப்பவே கேளு: ஹால்டிங் காசுல எனக்குப் பங்கு உண்டா? கேட்டுல நின்ன நாளுக்குப் பேட்டா உண்டா? 'புதுப் பையன் ரொம்பப் பேசறான்'னுவாங்கோ. சொல்லிட்டுப் போகட்டும். ஹெவி டிரைவர் கெடைக்காம ஊரு பூரா வண்டிங்க ஷெட்டுல நிக்குது. இன்னிக்கு நிலவரத்துல உனக்கு அவங்க தேவையவிட அவங்களுக்கு நீ தேவை. அத மீசைய முறுக்கிகினு சொல்லாத, சிரிச்சுகினே சொல்லு.

ஒண்ணு மறந்துட்டேன், அந்தப் போனு. வண்டியில ஜிபிஎஸ் வெச்சிருக்கான். நீ எந்த ஊர்ல கீற, எத்தினி வேகம், எங்க நின்ன, எல்லாம் அவன் கம்ப்யூட்டர்ல பொட்டு பொட்டா தெரியுது. அப்பவும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா போன் பண்ணி 'எங்க கீற?'ன்னு கேக்கறான். ஏன் கேக்கறான்? அவன் மேல இருக்கறவன் அவனக் கேக்கறான். நீ ஒரு கையால ஸ்டியரிங்கப் புடிச்சுகினு, 'பள்ளிகொண்டா தாண்டிட்டேன் சார், தோ வந்துட்டேன் சார்'னு பொய் சொல்ற. நீ மாதனூர்லயே கீறன்னு அவனுக்கும் தெரியும், பாத்துகினேதான் கேக்கறான். இனிமே போன் வந்தா எடுக்காத. பத்து தடவை அடிக்கட்டும். அடுத்த பங்கு வரட்டும், வண்டிய உள்ள வுட்டு, இஞ்சின நிறுத்தி, எறங்கி, ஒரு டீ சொல்லிட்டு, அப்பால கூப்புடு. 'எங்க கீற'ம்பான். 'நீங்க பாத்துகினு இருக்கற எடத்துலதான் சார் கீறேன்'னு சொல்லு.